வயிற்றெரிச்சலில் ஓடிய ரஷ்யா வண்டி

எங்கள் டவுன்ஷிப்பில் ஒரு காலத்தில் ஒவ்வொருவரின் பொறாமைக்கும் மைலேஜ் சொல்வார்கள். கேன்டீன் ரத்தினவேலுவின் பொறாமை மெயின் பஜார் வரைக்கும், எதிர்வரிசை டீச்சரம்மாவின் பொறாமை ரயில்வே கேட் வரைக்கும், ஸ்டோர்ஸ் கிளார்க்கின் பொறாமை முக்கி முனகி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும், என் பொறாமையோ சுரங்கத்து மண்மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, வடலூர் போய்த் தைப்பூச ஜோதி பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற வரைக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைப்பட இதில் என்ன இருக்கிறது? ஆனால் என் அளவுக்கு வயிறெரிந்தவன் அந்த ஊரில் கிடையாது, அதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

என் பெயர் தணிகாசலம். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி வரும் கன்வேயர் பெல்ட்டுக்கு ஃபோர்மேனாக இருந்தவன். பக்கத்து குவார்ட்டர்ஸில் கலியபெருமாள், டர்பைன் ஆபரேட்டர், என்னைவிட ஒரு வயது சின்னவன், என்னை அண்ணே என்பான். நிலையத்தைக் கட்டிக்கொடுக்க ரஷ்யாவிலிருந்து வந்தவர்களில் அர்காதி என்று ஒரு இன்ஜினீயர், ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் சிவந்த மூக்கு, எங்கள் இரண்டு பேர் வீட்டுக்கும் வருவார், போவார். என் மனைவி குணசுந்தரி போடும் எலுமிச்சை ஊறுகாய் என்றால் அவருக்கு உயிர். மூன்று வருஷம், முழுசாக மூன்று வருஷம், ஜாடி ஜாடியாக என் வீட்டு ஊறுகாயைத் தின்றுவிட்டு, ஊருக்குத் திரும்பும்போது அந்த மனுஷன் தன்னுடைய காரைக் கலியபெருமாளிடம் கொடுத்துவிட்டுப் போனார். என்னிடம் காலி ஜாடிகளைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

காரா அது? கோழி முட்டையை இரண்டாகப் பிளந்து கவிழ்த்தது மாதிரி இருக்கும். இரண்டே கதவு. எஞ்சின் பின்னால், டிக்கி முன்னால். இரண்டு பக்கமும் காற்று உறிஞ்சக் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தகரம். வண்டி சூடாகிவிட்டதே என்று இரக்கப்பட்டு யாராவது ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தால், காற்றிலேயே ஆறுகிற எஞ்சின், ஊற்ற அதில் இடமே கிடையாது. வண்டியின் தரையில் சதுரமாக ஒரு மூடி இருக்கும், திறந்தால் ரோடு தெரியும். அவர்கள் ஊரில் உறைந்த ஆற்றின்மேல் வண்டியை நிறுத்தி, பனிக்கட்டியைக் குடைந்து, அது வழியாகத் தூண்டில் போடுவார்களாம். கலியபெருமாளின் மனைவி அஞ்சலாட்சி அது வழியாக வெற்றிலைச் சாறு துப்பினாள். ஹீட்டர் வேறு உண்டு, சித்திரை மாதத்திலும் அதை நிறுத்த வழி கிடையாது.

இழுக்கும் சக்தி என்று பார்த்தால் எங்கள் வாஷிங் சோடாக்காரரின் மாட்டுவண்டி எவ்வளவோ மேல். பெட்ரோல் ஊற்றினாலும் ஒன்றுதான், ஊற்றாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் மெயின் பஜாரில் ஆளெல்லாம் நின்று வாய் பிளந்து பார்க்கிற இடத்தில் சிட்டாகப் பறக்கும், கார்களைப் பார்த்துச் சலித்த ரஷ்யாக்காரர்கள் காலனிக்குள் நுழைந்ததும் பொத்தென்று நின்றுவிடும், தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் திரும்பவும் உறுமும், என் வீட்டு வாசலைத் தாண்டும்போது மட்டும் முன்சக்கரம் இரண்டும் தரையிலிருந்து லேசாக எழும்பும். ரோடு அங்கே மேடு என்று நினைத்து ஆள் வைத்து ரோட்டைக்கூடச் செதுக்கினார்கள்.

வண்டியின் ரகசியம் வெளிச்சத்துக்கு வந்தது ஆயுத பூஜையன்று. அஞ்சலாட்சி வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, கறுப்புக் கயிற்றில் படிகாரமும் சங்கும் கோத்துப் பம்பரில் கட்டி, பழம் மிளகாய்ச் சரம் தொங்கவிட்டு, பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றி, "ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, கொள்ளிக் கண்ணு" என்று சொல்லும்போது எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்து, மூன்று சுற்றுச் சுற்றி ரோட்டில் போட்டு உடைத்தாள். அதோடு வண்டி படுத்துவிட்டது. டர்பைனையே பிரித்து மாட்டுகிற ஆட்கள் பதினோரு நாள் அதைப் பிரித்துப் பிரித்து மாட்டினார்கள். ஒரு ஸ்குரூ குறையவில்லை, ஒரு ஸ்குரூ மிஞ்சவில்லை, வண்டி மட்டும் அசையவில்லை.

பன்னிரண்டாம் நாள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த குணசுந்தரி சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "ஏன் அஞ்சலா, இது என்ன பெரிய அதிசயம்? இத்தன நாளும் கண்ணு பட்டுதான ஓடிக்கிட்டிருந்துச்சு? கண்ணயே கழிச்சிட்டா பாவம் அது எதுல ஓடும்?"

"அதான பாத்தேன்" என்றாள் அஞ்சலாட்சி. உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்து கறுப்புக் கயிற்றை அறுத்தாள், சரத்தைப் பிய்த்தாள், சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தாள். நான் அப்போதுதான் டியூட்டி முடிந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறேன். ஒரு பார்வைதான் பார்த்தேன், சத்தியமாக ஒரே பார்வை. உள்ளே ஆள் இல்லாத வண்டி ஒரு ஏப்பம் விட்டுக் குதித்துப் போய் முருங்கை மரத்தில் முட்டிக்கொண்டு நின்று உறுமியது. கூடியிருந்த அத்தனை பேரும் மரத்தைப் பார்க்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வேறு ஊராக இருந்தால் பேப்பர்காரனைக் கூப்பிட்டிருப்பார்கள், கோயில் கட்டியிருப்பார்கள். எங்கள் ஊர் ஷிஃப்ட் போட்டு வேலை பார்க்கிற ஊர். யூனியன் ஆபீசில் கூட்டம் போட்டு, வண்டி பிரசவத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும், பெண் பார்க்கவும், பரீட்சைக்கும் பொதுவில் ஓட வேண்டும் என்றும், அதற்கு வேண்டிய பொறாமையை பிளாக் வாரியாக ஆட்கள் வாசலில் நின்று கொடுக்க வேண்டும் என்றும் தீர்மானம் போட்டார்கள். கடமைக்குப் பொறாமைப்பட்டவர்களைக் கண்டதும் வண்டி விக்கியது, இருமியது, நகரவில்லை. உண்மையாக எரிய வேண்டும். அதில் இன்னொரு சங்கடம் வந்தது. எந்த வீட்டு வாசலில் வண்டி வேகம் எடுக்கிறதோ அந்த வீட்டில் மனசு சரியில்லை என்று ஊருக்கே தெரிந்துபோனது. நாள்பட ஜனங்கள் வண்டிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார்கள், சாத்தின ஜன்னலைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். பொறாமையே இல்லாதவர் என்று பெயரெடுத்திருந்த பஜனை கோஷ்டித் தலைவர் வீட்டைத் தாண்டும்போது வண்டி டாப் கியருக்குப் போனதிலிருந்து அவர் வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். யார் வீட்டுக்காவது ஃபிரிட்ஜ் வந்தால் அடுத்த வாரம் அந்த வாசலில் வண்டி திணறும், "நல்லா இருக்காங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இறங்கித் தள்ளுவார்கள்.

கடைசியில் எல்லாச் சுற்றும் சுற்றி என்னிடம் வந்து நின்றார்கள். தூரம் போகிற வண்டிக்கு வழிநெடுக ஆள் நிறுத்த முடியாது, அதனால் என்னையே வண்டிக்குள் ஏற்றிவிடுவது என்று முடிவாயிற்று. முன்னால் கலியபெருமாளும் அஞ்சலாட்சியும், பின்னால் நான், என் முதுகுக்குப் பின்னால் கொதிக்கிற எஞ்சின், பக்கத்தில் அன்றைக்குப் பயணம் போகிறவர்கள், மடியில் அவர்களின் மூட்டை முடிச்சு. எதிரில் கலியபெருமாளின் பிடரி. வாரி விட்ட தலை, பவுடர் போட்ட கழுத்து, அந்தப் பிடரியைப் பார்த்தே எனக்கு வயசாகிவிட்டது.

"அண்ணே, மேடு வருது. கொஞ்சம் நெனச்சுக்குங்க."

"என்னத்தடா நெனைக்கிறது?"

"ஊறுகாய நெனச்சுக்குங்க" என்பாள் அஞ்சலாட்சி, முறுக்கைப் பின்னால் நீட்டிக்கொண்டே. வண்டி மேட்டில் ஜிவ்வென்று ஏறும்.

கிண்டல் என்றால் தாங்கிக்கொள்ளலாம். கலியபெருமாளிடம் கிண்டலே கிடையாது, அதுதான் என்னைக் கொன்றது. "தணிகாசலம் அண்ணே இல்லன்னா இந்த வண்டியே இல்ல" என்று போகிற இடமெல்லாம் சொல்வான், மனசாரச் சொல்வான். எனக்கு அவனுக்கு முன்னால் புரமோஷன் வந்தது, லட்டு வாங்கி ஊருக்குக் கொடுத்தது அவன். என் பையனுக்கு இன்ஜினீயரிங் சீட் கிடைத்தது, என்னைத் தோளோடு கட்டிக்கொண்டு அழுதது அவன். நான் ஓரக்கண்ணால் அவன் முகத்தில் ஒரு சுருக்கம், ஒரு கோணல், ஒரு சின்ன வாட்டம் தெரிகிறதா என்று தேடுவேன், ஒன்றும் இருக்காது. முதலில் எனக்கு வண்டிமேல்தான் பொறாமை, பிறகு அவனுடைய எரியாத வயிற்றின்மேல். சாமியிடம் நான் வேறெதுவும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, இந்தக் கலியபெருமாள் என்னைப் பார்த்து வயிறெரிய வேண்டும். சாவதற்குள் அதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும்.

வண்டி வந்த பதினெட்டாம் வருஷம், ஒரு மத்தியானம், அஞ்சலாட்சி குழாயடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் சுரங்கத்துக்குள் போயிருந்தது. கலியபெருமாள் அவளை வாரித் தூக்கி முன்சீட்டில் வைத்தான், நான் சட்டைகூடப் போடாமல் பின்னால் ஏறினேன். முதல் இரண்டு தெரு நன்றாகத்தான் போனது, பழக்கதோஷம். ரயில்வே கேட் தெரிகிறபோது வண்டி தளர்ந்தது.

"அண்ணே" என்றான் கலியபெருமாள், திரும்பாமல்.

"நெனைக்கிறேன்டா."

"ஊறுகாய்ணே..."

"நெனைக்கிறேன்டா, நெனைக்கிறேன்."

நினைத்தேன். மூன்று வருஷ ஊறுகாயையும் ஜாடி ஜாடியாக நினைத்தேன். கழுவிக் கொடுத்த காலி ஜாடிகளை நினைத்தேன், பூசணிக்காய் உடைத்தபோது அவள் பார்த்த பார்வையை நினைத்தேன், அவன் வாங்கிக் கொடுத்த லட்டை நினைத்தேன், பதினெட்டு வருஷ எரிச்சலையும் குடைந்து குடைந்து தேடினேன். ஒரு பொட்டுக்கூட இல்லை. அவன் ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அவள் தலை சாயாமல் கன்னத்தைத் தாங்கிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்தபோது எனக்குப் பரிதாபம்தான் வந்தது, ஐயோ பரிதாபம் மட்டும்தான் வந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் வண்டி நின்றுவிட்டது.

கத்தினேன். ரத்தினவேலு ஓடி வந்தான், டீச்சரம்மா ஓடி வந்தாள், ஸ்டோர்ஸ் கிளார்க் ஓடி வந்தான், வருஷக்கணக்காக அந்த வண்டியைப் பார்த்து எரிந்தவர்கள் எல்லாரும் ஓடி வந்து ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தார்கள், கண் கலங்கினார்கள். ஊரில் அன்றைக்கு ஒருவரிடமும் பொறாமை இல்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் கைகொடுத்துத் தள்ளித்தான் கொண்டுபோனோம், பின்னால் நாற்பது பேர் கூடி. மறுநாள் காலை பத்து மணிக்கு அஞ்சலாட்சி போய்விட்டாள். கால் மணி நேரம் முன்னால் வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். கலியபெருமாளும் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னான். நான் இன்றைக்கும் நம்பவில்லை.

வருஷத் திதி முடிந்த மறுநாள் சாவியைக் கொண்டுவந்து நீட்டினான்.

"எனக்கு எதுக்குடா கலியா?"

"நீங்கதானண்ணே இத்தன வருஷமும் ஓட்டினீங்க. நான் ஸ்டீரிங்கதான புடிச்சிருந்தேன்."

எட்டுப் பேர் சேர்ந்து தள்ளி என் வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். மூன்று வருஷம் அங்கேயே நின்றது. ஊரில் அதற்குள் பளபளவென்று புதுக் கார்கள் வந்துவிட்டன, பிரசவத்துக்கு வேன் வந்துவிட்டது, என்னையும் அந்த முட்டையையும் பார்த்து எரிய யாருக்கு என்ன தலையெழுத்து? ஆனாலும் சொல்கிறேன், அந்த மூன்று வருஷம் மாதிரி சந்தோஷமாக நான் இருந்ததில்லை. ஓடாத வண்டிதான், என் வண்டி. ஞாயிற்றுக்கிழமை தேங்காய் நாரும் சாம்பலும் வைத்து அதன் பம்பரைத் தேய்ப்பேன், காதுகளுக்குள் குருவி வைத்த கூட்டைக் கலைக்காமல் சுற்றித் துடைப்பேன், உள்ளே உட்கார்ந்து ரேடியோவில் செய்தி கேட்பேன். குணசுந்தரி அதன் கூரையில் வடகம் காயவைத்தாள். ஹீட்டர் மட்டும் எதனாலோ வேலை செய்தது, மார்கழிக் காலையில் இரண்டு பேரும் அதற்குள் உட்கார்ந்து காபி குடித்தோம். தரையில் இருக்கும் மூடியைத் திறந்து அவள் கீரைத் தண்டுகளைக் கீழே தள்ள, எங்கிருந்தோ ஒரு ஆடு வந்து அடியில் படுத்துக்கொண்டு தின்னும்.

வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கலியபெருமாள் பால் வாங்கப் போகும் நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் பம்பரைத் தேய்ப்பேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், மகளைத் திருச்சியில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாகப் பொங்கித் தின்கிறவன், அவனிடம்தான் எனக்கு அந்த ஆசை. அவன் நிற்பான், தடவிப் பார்ப்பான், "நல்லா வச்சிருக்கீங்கண்ணே, என்கிட்டகூட இப்படிப் பளபளன்னு இல்ல" என்பான். மனசாரச் சந்தோஷப்படுவான். எஞ்சினில் ஒரு நடுக்கம்கூட இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி இருக்கும். ஸ்டீரிங்குக்குப் பின்னால் நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துச் சீட்டில் குணசுந்தரி, மடியில் முறம், முறத்தில் முருங்கைக்கீரை. கத்தரிக்காயைச் சொத்தையாக வாங்கி வந்ததற்கு ஒரு மணி நேரமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

"கண்ணு என்ன பொடனிலயா இருக்கு? பிரஷர் மாத்திரையும் போடல, அத வேற நான் நெனவு படுத்தணும். இங்க பாரு, பட்டன மாத்திப் போட்டிருக்காரு. அறுபது வயசாவப் போவுது, ஒரு சட்ட போடத் தெரியல." கீரைக் கையோடு எட்டி என் சட்டைப் பட்டன்களைக் கழற்றி மறுபடி ஒழுங்காகப் போட்டுவிட்டாள்.

மூன்றாவது பட்டன் போடும்போது பின்னால் எஞ்சின் உறுமியது.

சாவி என் பையில் இருக்கிறது. வண்டி கிளம்பிவிட்டது. வாசல் கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, மெயின் பஜாரில் நுழைந்து, ரத்தினவேலுவின் கேன்டீனைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி, நான் எரிந்த காலத்தில்கூடப் போகாத வேகத்தில் மண்மேட்டில் ஏறியது. குணசுந்தரி முறத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு "ஐயோ ஓடுதுங்க, ஓடுதுங்க!" என்று சின்னப் பெண் மாதிரிச் சிரித்தாள். நான் சாவியைத் தேடி எடுத்து அதன் இடத்தில் செருகிக்கொண்டு, கொக்கரித்தேன். "எவனோ எரியறான்டி! எவனுக்கோ நம்மளப் பாத்து நல்லா எரியுது!" வழியில் ஒருவரும் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். மேட்டின்மேல் ஒடித்துத் திருப்பி, அதே வேகத்தில் வந்து, தெருமுனையில் திரும்பும்போதுதான் பார்த்தேன்.

கலியபெருமாள் தன் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கையில் அரை லிட்டர் பால் பாக்கெட், அதிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி அவன் காலடியில் திட்டாகத் தேங்கியிருந்தது. நாங்கள் கிளம்பினதிலிருந்து அங்கேயேதான் நின்றிருக்கிறான். பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்து அவன் எதிரில் நிறுத்தினேன். இருபத்திரண்டு வருஷமாக நான் தேடின கோணல் அவன் உதட்டில் இருந்தது.

"குடுத்து வச்சவருண்ணே நீங்க" என்றான்.

"வண்டியச் சொல்றியா கலியா? எப்பிடிப் போச்சு பாத்தியா? மேட்டுல டாப் கியர்ல..."

"வண்டியா?" என்றான். "வண்டி எங்கண்ணே போச்சு?"

அவன் வண்டியைப் பார்க்கவேயில்லை. என் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒழுங்காகப் போட்ட பட்டன்களில் ஒட்டியிருந்த முருங்கை இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குணசுந்தரியிடம், "கீரை வாடிப் போவுதும்மா" என்று சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்தி, படியேறி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் சாமியிடம் கேட்டது இதுதான். இதையேதான் கேட்டேன். என் வண்டிமேல், என் புரமோஷன்மேல், என் பையன்மேல் எதன்மேலாவது எரிந்திருக்கக் கூடாதா இந்தப் பாவி? குணசுந்தரி என் சட்டையிலிருந்து அந்த இலையை எடுத்துக் கீழே போட்டாள். "நிறுத்துங்க, நிறுத்திடுங்க" என்றாள். சாவியை உருவினேன். பின்னால் போய் எஞ்சின் மூடியைத் தூக்கி ஒயர்களைப் பிடுங்கினேன். பூஜை அறையிலிருந்து கறுப்புக் கயிற்றைக் கொண்டுவந்து கட்டினேன். எஞ்சின் நிற்கவில்லை. சாத்தின கதவுக்கு எதிரில் அது சாயங்காலம் வரைக்கும் ஓடிக்கொண்டே இருந்தது.